33½ இஞ்ச்: குட்டிகளோடு வொண்டர்லா போகிறவர்களுக்கு ஒரு தையல்காரி சொல்வது

"பிள்ளைங்களோட வொண்டர்லா போறோம்க்கா, தண்ணியில போட டிரெஸ் தைச்சுக் குடுங்க" என்று யார் கடைக்கு வந்தாலும், கழுத்தில் கிடக்கிற டேப்பை எடுத்துப் பிள்ளையை முதலில் சுவரோரம் நிற்க வைப்பேன். மார்பளவு, இடுப்பளவு எல்லாம் அப்புறம். செருப்பைக் கழற்று, குதிகாலைச் சுவரில் ஒட்டு, தலைமேல் ஸ்கேலைப் படுக்க வை, பென்சிலால் கோடு போடு. பெங்களூரு வொண்டர்லா தீம் பார்க்கில் பிள்ளைகளுக்கு உயரத்தை வைத்துத்தான் எல்லாக் கணக்கும். வயதுச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு போவது வீண் சுமை.

85 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் டிக்கெட் எடுக்க வேண்டாம், இலவசம். 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட். 140-ஐத் தாண்டிவிட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பெரிய ஆள்தான். எங்கள் டேப்பில் அது 33½ இஞ்ச், 55 இஞ்ச். எல்லைக்கோட்டில் நிற்கிற பிள்ளையைக் காலையில் எழுந்தவுடன் அளந்து பாருங்கள். பகலெல்லாம் ஆடி ஓடி முதுகெலும்பு அமுங்கி, சாயந்திரம் எல்லோருமே கொஞ்சம் குள்ளமாகிவிடுவோம். யூனிஃபார்ம் தைக்கும்போது காலை அளவும் மாலை அளவும் இடிப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வாசலில் அவர்களும் காலையில்தான் அளப்பார்கள். உச்சிக் கொண்டை கணக்கில் சேராது.

டிக்கெட்டோடு இது முடிவதில்லை. ஒவ்வொரு ரைடு வாசலிலும் உயரப் பலகை உண்டு. இவ்வளவுக்குக் கீழே ஏறக்கூடாது என்று சிலவற்றில் இருக்கும். குட்டிகள் பக்கத்தில் இவ்வளவுக்கு மேலே ஏறக்கூடாது என்றும் இருக்கும். என் மகள் 47 இஞ்ச், மகன் 38½, தங்கச்சி குழந்தை 31. மூன்று உயரம், மூன்று வேறு பார்க். முதல் நாள் ராத்திரியே சுவரில் இருக்கும் கோட்டைக் காட்டி, "நீ அந்த மேல தூக்கிக் கீழ போடுறதுல ஏற முடியாது, குட்டி ரயில்ல ஏறலாம், கார்ல ஏறலாம்" என்று சொல்லிவிட்டால் அழுகை வீட்டோடு முடிந்துவிடும். சொல்லாமல் கூட்டிப் போனால், அரைமணி நேரம் வரிசையில் நின்று, பலகையில் தலை எட்டாமல், எல்லோர் முன்னாலும் கதறும்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் முதல் பயணம். அது வேறொரு பார்க். என் வீட்டுக்காரர் ஒரு தாளில் இருபத்தாறு ரைடு எழுதி வைத்திருந்தார். "குடுத்த காசுக்கு எல்லாத்துலயும் ஏறிடணும்" என்று விரட்டினார். மதியம் இரண்டு மணிக்கு மகள் குடிதண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்துகொண்டாள். குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் மூடியில் பிடிப்பது, ஊற்றுவது, மறுபடி பிடிப்பது. நாற்பது நிமிடம். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த நாற்பது நிமிடம் மட்டும்தான். அதற்கப்புறம் வீட்டில் தாள் எழுதுவது நின்றது. எங்களோடு வருகிறவர்களில் யார் ரொம்பச் சின்னவரோ, அவருடைய பசிக்கும் தூக்கத்துக்கும் மூத்திரத்துக்கும் தகுந்தபடிதான் அன்றைய நாளை வெட்டுகிறேன். மற்றவர்கள் மிச்சத் துணியில் தைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாள் குறிப்பது

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பார்க் இருப்பது கர்நாடகத்தில். நம் பள்ளிக்கூட நாட்காட்டி தமிழ்நாட்டுடையது. இரண்டுக்கும் இடையில் விழுகிற இடைவெளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பொங்கல் நமக்கு மூன்று நான்கு நாள். அவர்களுக்குச் சங்கராந்தி ஒரே நாள். உழவர் திருநாள் வார நாளில் வந்தால் இங்கே லீவு, அங்கே பள்ளிக்கூடம் நடக்கும். கோடை லீவு முடிந்து அவர்கள் பள்ளி பெரும்பாலும் நமக்குச் சில நாள் முன்னாலேயே திறந்துவிடும். ஜூன் தொடக்கத்தில் கிடைக்கிற அந்த நான்கைந்து நாளைத்தான் நான் குறி வைப்பேன். மே மாத ஞாயிற்றுக்கிழமையும் தசராவும் வேண்டவே வேண்டாம். டிசம்பர் வார நாள் காலியாக இருக்கும் என்று நினைத்து ஒருமுறை ஏமாந்தேன். அது பள்ளிச் சுற்றுலா மாதம். வாசலில் மஞ்சள் பஸ் வரிசை கட்டி நின்றது.

டிக்கெட்டை முன்கூட்டி ஆன்லைனில் எடுத்துவிட்டால் கவுன்டர் வரிசையாவது மிச்சம். வார நாளுக்கும் சனி ஞாயிறுக்கும் விலை வேறு. வரிசையைத் தாண்டிப் போகிற ஃபாஸ்ட்டிராக் டிக்கெட்டும் உண்டு, விலை எக்கச்சக்கம். சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு அது தண்டம் என்பேன். நாள் முழுக்க எட்டு ரைடு ஏறுகிற பிள்ளைக்கு எதற்கு அவசர டிக்கெட்? தள்ளுவண்டியும் சோற்று மூட்டையும் சேர்ந்தால் நாமே ஆமை வேகம்தான்.

எங்கள் கடையில் வீகார்டு ஸ்டெபிலைசர் ஒன்று இருபது வருடமாக ஓடுகிறது. அந்த வீகார்டைத் தொடங்கிய கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளிதான் 2000-இல் கொச்சியில் வீகாலாண்ட் பார்க்கையும் 2005-இல் பெங்களூரில் வொண்டர்லாவையும் தொடங்கினார் என்று வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து, மகன் அந்த ஸ்டெபிலைசர் பெட்டிக்கு டாட்டா காட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறான். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, சும்மா சொன்னேன்.

துணி

தண்ணீர் ரைடுக்குக் காட்டன் கூடாது. நைலான், லைக்ரா, பாலியஸ்டர் இவைதான். சுடிதார், புடவை, வேட்டி, ஜீன்ஸ் எதுவும் தண்ணீருக்குள் விடமாட்டார்கள். சிலர் இதைக் காசு பிடுங்கும் வேலை என்று கோபப்படுகிறார்கள், உள்ளே டிரெஸ் விற்பதால். காட்டன் தண்ணீரைக் குடித்துக் கனத்து இடுப்பை விட்டு இறங்கும். சறுக்கில் பிடித்து நிறுத்தும். சாயம் விடும், பஞ்சு உதிரும். பனியனோடு குளத்தில் இறங்கிய பிள்ளை வெளியே வந்ததும் அதே ஈரத்தைச் சுமந்துகொண்டு நடுங்கும். லைக்ரா பத்து நிமிடத்தில் பாதி காய்ந்துவிடும்.

வீட்டில் தைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லைக்ராவுக்குப் பால்பாயின்ட் ஊசி போடுங்கள். நேர்த்தையல் வேண்டாம்; துணி இழுபடும்போது நூல் பட்டென்று அறுந்து, பிள்ளை சறுக்கின் பாதியில் மானத்தை விட்டுவிடும். ஜிக்ஜாக் அல்லது ஓவர்லாக். முழுக்கை, முட்டிவரை கால், பின்கழுத்து உயரம். வெயிலுக்குக் கிரீம் பூசுவதைவிட இந்த மறைப்பு நிலைத்து நிற்கும். முகத்துக்கும் பாதத்துக்கும் மட்டும் கிரீம் போதும்.

நிறத்தில் ஏமாறாதீர்கள். கடையில் பிள்ளைகளுக்கான நீச்சல் உடை முக்கால்வாசி நீலம், மீன் படம் போட்டது. நீலத் தரை போட்ட குளத்தில் நீலச் சட்டைப் பிள்ளை முங்கினால் எங்கே தேடுவது? ஆரஞ்சு, கிளிப்பச்சை, பளீர் ரோஸ், இந்த மூன்றில் ஒன்று. என் இரண்டு பிள்ளைக்கும் தங்கச்சி குழந்தைக்கும் ஒரே ஆரஞ்சுத் துணியில் தைத்தேன். தூரத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிடலாம்.

உள்பக்கம், கழுத்துப்பட்டிக்குக் கீழே, வெள்ளை நாடா ஒன்று வைத்துத் தைத்து அழியாத மையில் போன் நம்பர் எழுதுங்கள். என்னுடையது ஒன்று, வீட்டுக்காரருடையது ஒன்று. பெயரை எழுத வேண்டாம். வெளியே தெரிகிற இடத்திலோ நிச்சயமாக வேண்டாம். பேர் சொல்லிக் கூப்பிட்டவர் பின்னால் பிள்ளை போய்விடும். தொலைந்துபோனால் நின்ற இடத்திலேயே நில், சீருடை போட்டவரிடம் மட்டும் பேசு என்று பழக்கியிருக்கிறோம். ஓசூர்ப் பிள்ளைகளுக்குக் கன்னடம் கொஞ்சம் வரும் என்றாலும் பயத்தில் மறந்துபோகும். "அம்ம காணிஸ்தில்ல" என்ற ஒரே வாக்கியத்தைப் பாட்டுப் போலச் சொல்ல வைத்தேன். அம்மாவைக் காணோம் என்று அர்த்தம். அதை மகன் பஸ்ஸில், கோயிலில், நான் பக்கத்தில் நிற்கும்போதே எல்லோரிடமும் சொன்னது தனிக் கதை.

கொலுசு, வளையல், செயின் எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். டியூபிலும் கயிற்றிலும் முதலில் மாட்டுவது கொலுசுதான். அரைஞாண் தளர்வாக இருந்தால் சின்னதாக முடிச்சுப் போடுங்கள். நான் தாலிச் செயினை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு போவேன். அன்றைக்கு மட்டும் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். குளத்துத் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து முடியைக் கயிறாகத் திரிக்கும். இறுக்கிப் பின்னி, மிச்ச லைக்ராவில் ஒரு தொப்பி.

கைக்குழந்தைக்குச் சாதாரண டயப்பர் தண்ணீரில் ஆகாது. தண்ணீர் இழுத்துத் தலையணையாகிவிடும். நீச்சலுக்கென்று தனி டயப்பர் விற்கிறது, அதை வாங்குங்கள். அதுவும் மூத்திரத்தைத் தாங்காது, மற்றதைத்தான் தாங்கும். அரைமணிக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வழியும் இட்லியும்

ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி, அங்கே நைஸ் ரோடு பிடித்தால் நேராக, பார்க்குக்குப் போகிற மைசூர் ரோட்டில் கொண்டுபோய் விடும். டோல் உண்டு, சிக்னல் இல்லை. நகரத்துக்குள் போய்ச் சில்க் போர்டு சந்திப்பு டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பெங்களூரில் தங்கியிருப்பவர்கள் பர்ப்பிள் லைன் மெட்ரோவில் சல்லகட்டா வரை வந்து அங்கிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்கலாம்.

உள்ளே வெளிச் சாப்பாடு விடமாட்டார்கள். கைக்குழந்தை உணவு மட்டும் உண்டு. அதனால் காலைச் சாப்பாட்டைக் கனமாக வழியிலேயே முடித்துவிடுவோம். பார்க்கைத் தாண்டிக் கொஞ்சம் போனால் பிடதி. அங்கே தட்டே இட்லி. தட்டளவு அகலம், தொட்டால் பஞ்சு, மேலே வெண்ணெய். விரைவுச்சாலையில் ஏறிவிட்டால் பிடதி ஊருக்குள் போகாமல் பறந்துவிடுவீர்கள். சர்வீஸ் ரோட்டிலேயே போங்கள். மகள் ஒன்று, மகன் முக்கால். காரில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு வெண்ணெய் வேண்டாம். சாப்பிட்டு முக்கால் மணி நேரமாவது கழித்துத்தான் சுற்றுகிற ராட்டினம்.

உள்ளே

வாசல் 11 மணிக்குத் திறக்கும். 10:15-க்கே நிற்பது நல்லது. திறந்ததும் கூட்டம் பெரிய ரோலர் கோஸ்டர் பக்கம் ஓடும். உங்களுக்கு எதிர்ப்பக்கம், குட்டிகள் பகுதி. முதல் ஒரு மணி நேரம் அங்கே வரிசையே இருக்காது. பிடித்த குட்டி ரயிலில் மகன் நாலு தடவை ஏறினான். ஏறட்டும். ஒன்றில் நாலு தடவை ஏறியதும் அவனுக்கு நாலு ரைடுதான்.

வரிசையில் நிற்கும் முன் ஒரு சுற்று சும்மா வேடிக்கை பாருங்கள். எத்தனை சீட், ஏற்றி இறக்க எவ்வளவு நேரம் என்று எண்ணுங்கள். இருபது சீட், ஐந்து நிமிடம், முன்னால் நூறு பேர் என்றால் 25 நிமிடம். நான்கு வயசுக்குக் கால்மணி நேரம்தான் பொறுமை. அதற்கு மேல் ஆகும் என்றால் ஒரு ஆள் மட்டும் நின்று, இன்னொருவர் பிள்ளையைப் பாத்ரூம் கூட்டிப்போய்விட்டு வரலாமா என்று முன்னால் நிற்பவரிடமும் பின்னால் நிற்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை இருக்கிறது என்றால் யாரும் முறைக்கமாட்டார்கள்.

பயப்படுகிற பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். "ஒண்ணும் ஆகாதுடா" என்பது அவன் காதில், ஏதோ ஆகும் என்றுதான் விழும். மகன் ரெயின் டிஸ்கோ வாசல்வரை குதித்துக்கொண்டு வந்தான். உள்ளே இருட்டு, காது கிழியப் பாட்டு, மேலேயிருந்து தண்ணீர். என் கழுத்தை நெரித்துவிட்டான். உடனே வெளியே வந்துவிட்டோம்.

மதியச் சாப்பாட்டை 12:15-க்கே முடியுங்கள். ஒன்றரைக்குப் போனால் நிற்க இடம் இருக்காது. தயிர்சாதம் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. சாப்பிட்டதும் மர நிழலில் துண்டை விரித்துச் சின்னதுகளைத் தூங்கப்போடுங்கள். "இவ்வளவு காசு குடுத்துத் தூங்கவா வந்தோம்" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவரும் மகளும் கொஞ்சம் பெரிய ரைடுகளில் ஏறினார்கள். அப்புறம் நான் போனேன், அவர் உட்கார்ந்தார். மாற்றி மாற்றிப் போனால் எல்லோருக்கும் பங்கு கிடைக்கும். தூங்காத பிள்ளை நாலு மணிக்கு நம்மைத் தூக்கிப்போட்டு மிதிக்கும்.

தண்ணீர்

இரண்டரை மணி வாக்கில் தண்ணீர். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். வெயில் சுட்டாலும் ஈர உடம்பில் காற்று பட்டால் சில்லென்று ஏறும். சின்ன உடம்பு நம்மைவிடச் சீக்கிரம் குளிரும். உதடு ஊதா நிறம் ஆனால், தாடை அடித்துக்கொண்டால், "இன்னும் அஞ்சு நிமிஷம்" கிடையாது. துடைத்து, காய்ந்த துண்டில் சுற்றி, ஏதாவது தின்னக் கொடுங்கள். நாங்கள் அரைமணி நேரம் தண்ணீர், கால்மணி நேரம் கரை என்று வைத்திருக்கிறோம்.

லைஃப் கார்டு நிற்கிறாரே என்று போனை எடுக்காதீர்கள். அவருக்கு இருநூறு தலை, உங்களுக்கு இரண்டு. முழங்கால் ஆழத்திலும் குழந்தை சத்தமில்லாமல் முங்கும். எட்டிப் பிடிக்கிற தூரம் என்றால் நிஜமாகவே கை எட்டிப் பிடிக்கிற தூரம். அலைக்குளத்தில் கரை கடற்கரை போலச் சரிந்து போகும். சத்தம் கொடுத்துத்தான் அலையை விடுவார்கள். சத்தம் கேட்டதும் குட்டியைத் தூக்கிக்கொண்டு கணுக்கால் ஆழத்துக்கு வந்துவிடுவேன். ஊதிய கைப்பட்டையை நம்பாதீர்கள், லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்கள். போட்டபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அவன் அளவு இல்லை. தையல்காரி சொன்னால் நம்பலாம்.

இதற்கெல்லாம் பை காக்க ஒரு ஆள் வேண்டும். லாக்கர் உண்டுதான், ஆனால் துண்டும் பிஸ்கட்டும் லாக்கரில் இருந்து என்ன பயன்? எங்கள் வீட்டில் அந்த வேலை மாமியாருக்கு. இரண்டு தடவை வந்தார், இரண்டு தடவையும் கரையில் உட்கார்ந்து முறுக்கு கிடைக்காத குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், "அந்த டியூபுல படுத்துக்கிட்டு மெதுவா போறாங்களே, அது புடவையில முடியாதில்ல?" என்று காஜா கட்டிக்கொண்டே கேட்டார். அறுபத்து மூன்று வயது. அளவெடுக்கவிடவில்லை, பழைய ஜாக்கெட்டைத் தூக்கிப் போட்டார். கருநீலப் பாலியஸ்டரில் முட்டிக்குக் கீழே வரை டாப், உள்ளே லெக்கிங்ஸ், முழுக்கை. லேசி ரிவரில் இரண்டு சுற்று வந்தார். கண்ணை மூடி, கை இரண்டையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு. "அத்தே, போதுமா?" என்று கரையிலிருந்து கேட்டேன். பதில் சொல்லவில்லை. அன்றைக்குப் பை காத்தது நான்.

நாலேகாலுக்குக் கரையேறி, நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காய்ந்த உடுப்பு மாற்றி, கடைசியாகக் குதிரை ராட்டினம் ஒன்று. ஐந்து மணிக்கு வெளியே. ஞாயிறு சாயந்திரம் மைசூர் போனவர்கள் எல்லோரும் திரும்புகிற நேரம் அது. கெங்கேரியை நெருங்குமுன் பிள்ளைகள் தூங்கிவிட்டால் டிராஃபிக் வலிக்காது.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் அந்த ஈர உடுப்பைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். குளோரின் லைக்ராவைத் தின்னும். வெறும் தண்ணீரில் இரண்டு அலசு, கொஞ்சம் சோப்பு, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் எலாஸ்டிக் செத்துவிடும். பிள்ளைகளுடையதில் கைக்கும் காலுக்கும் இரண்டு இஞ்ச் உள்மடிப்பு விட்டு வைத்திருக்கிறேன். அடுத்த ஜூனுக்குப் பிரித்துவிட்டால் போதும்.